புக்-காடிலாக்: 24 ஆண்டுகள் பூட்டிக்கிடந்த ஹோட்டல்

கேள்வி இது: "ஆபீஸ் வேலையாக டெட்ராய்ட் போனபோது டவுன்டவுனில் புக் காடிலாக் ஹோட்டலில் தங்கினேன். 24 வருஷம் பாழடைந்து கிடந்த கட்டடம் என்று டாக்சிக்காரர் சொன்னார். அத்தனை காலம் ஏன் யாரும் அதைத் தொடவில்லை? அவ்வளவு பணம் கொட்டி மீட்டதற்கு, இடித்துவிட்டுப் புதிதாகவே கட்டியிருக்கலாமே? இப்போது இருப்பது பழைய ஹோட்டல்தானா, பழைய தோலுக்குள் வேறொரு ஹோட்டலா?"

நான் 1999இல் வேலைக்காக மிச்சிகன் வந்தவன், கட்டுமானத் துறை. வந்த புதிதில் வாஷிங்டன் புலவார்டு வழியாகப் போகும்போதெல்லாம் அந்தக் கட்டடத்தை அண்ணாந்து பார்ப்பேன். கீழே பலகை அடித்த வாசல்கள், மேலே கண்ணாடி இல்லாத சன்னல்கள். பட்டப்பகலில் பெரிய சாலை ஒன்று அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. அதனால் இந்தக் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்ல எனக்கு வராது.

முதலில் பெயர். 'புக்' என்பதற்கும் புத்தகத்துக்கும் சம்பந்தம் இல்லை. அது ஒரு குடும்பத்தின் பெயர். ஜேம்ஸ் பர்ஜஸ் புக், ஹெர்பர்ட், ஃபிராங்க் என்று மூன்று சகோதரர்கள். தாய்வழித் தாத்தா பிரான்சிஸ் பாம்ஸ் பெரிய நிலச்சுவான்தார். அந்தச் சொத்தை வைத்து வாஷிங்டன் புலவார்டு முழுவதையும் நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூ போல ஆக்கிவிட வேண்டும் என்று சகோதரர்கள் கிளம்பினார்கள். 'காடிலாக்' என்பது 1701இல் டெட்ராய்ட்டை நிறுவிய பிரெஞ்சுக்காரரின் பெயர். அதே இடத்தில் முன்பு இருந்த பழைய ஹோட்டலும் காடிலாக்தான். அதை 1923இல் இடித்துவிட்டுத்தான் இதைக் கட்டினார்கள். காருக்கும் ஹோட்டலுக்கும் பெயர் ஒரே ஆளிடமிருந்து வந்தது; கார் கம்பெனி கட்டிய ஹோட்டல் இல்லை.

வடிவமைத்தவர் லூயி காம்பர், ஜெர்மனியில் பிறந்து டெட்ராய்ட்டில் தொழில் நடத்திய கட்டடக் கலைஞர். 1924 டிசம்பர் 8 அன்று திறந்தபோது உலகத்திலேயே மிக உயரமான ஹோட்டல் இதுதான். 349 அடி உயரம், ஆயிரத்து நூறுக்கும் மேலே அறைகள், 1.4 கோடி டாலர் செலவு. கீழ் ஐந்து தளங்கள் பொது இடங்கள்: லாபி, கடைகள், மூன்று சாப்பாட்டுக் கூடங்கள், மூன்று நடனக் கூடங்கள். நடுவில் வரிசை வரிசையாகத் தங்கும் அறைகள். உச்சியில் வானொலி நிலையம். கூரையின் மூலைகளில் படிப்படியாகக் குறுகிக்கொண்டே போகும் செப்புக்கூரைக் கோபுரங்கள். எஃகுச் சட்டகம், அதன்மேல் செங்கலும் சுண்ணாம்புக்கல்லும். இந்த எஃகுச் சட்டகத்தை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்த ஆண்டுகளில் டெட்ராய்ட்டில் பணம் தண்ணீராக ஓடியது என்பார்கள். நிஜமாகவே ஓடியது. ஆனால் ஹோட்டல் திறந்த நேரம் மதுவிலக்குக் காலம். மிச்சிகன் மாநிலத்தில் அது 1918லேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் பெரிய ஹோட்டல்களுக்கு வருமானம் அறையிலிருந்து ஒரு பகுதி, மதுக்கூடத்திலிருந்தும் விருந்திலிருந்தும் மீதி. அந்த மீதியில் பெரும்பகுதி சட்டப்படி கிடையாது என்ற நிலையில் ஆயிரம் அறைகளைக் கடனில் கட்டினார்கள். ஐந்து ஆண்டில் பெருமந்தம் வந்தது. புக் சகோதரர்கள் ஹோட்டலை இழந்தார்கள். அதே தெருவில் 81 மாடியில் இன்னொரு கோபுரம் கட்டப் போட்டிருந்த திட்டம் தாளிலேயே நின்றுவிட்டது.

கை மாறினாலும் ஹோட்டல் நின்றது. டெட்ராய்ட்டுக்கு யார் வந்தாலும் அங்கேதான் தங்குவார்கள். அப்படித் தங்கியவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நியூயார்க் யாங்கீஸ் அணியின் பேஸ்பால் வீரர் லூ கெரிக், ஒரு ஆட்டம்கூட விடாமல் தொடர்ந்து 2,130 ஆட்டங்கள் ஆடியவர். 1939 மே 2 அன்று டெட்ராய்ட்டில் ஆட்டம். உடம்பு சொன்னபடி கேட்கவில்லை. அணி மேலாளர் ஜோ மெக்கார்த்தியிடம், 'இன்றைக்கு என்னை எடுத்துவிடுங்கள்' என்று அவர் சொன்னது இந்த ஹோட்டலில். தசைகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்க வைக்கும் நரம்பு நோய் என்று சில வாரங்களில் தெரிந்தது. இன்று அந்த நோயையே அமெரிக்கர்கள் அவர் பெயரால் அழைக்கிறார்கள். அவர் சாதனையை வேறொருவர் தாண்ட 1995 வரை ஆயிற்று.

1951இல் ஷெரட்டன் வாங்கி ஷெரட்டன்-காடிலாக் ஆக்கியது. உள்ளே நிறைய மாற்றினார்கள். அந்தக் காலத்து ரசனைப்படி பழைய சுதைவேலையை மறைத்துத் தாழ்வான கூரை போடுவதும், சுவருக்கு மேல் சுவர் எழுப்புவதும் எல்லா ஹோட்டலிலும் நடந்தது. பழைய கட்டடங்களைப் பேணிக் காக்க நினைப்பவர்களுக்கு அந்த மறைப்பு மேல் கோபம் வரும். எனக்கு ஒரு விதத்தில் நன்றிதான். மறைத்து வைத்ததில் கொஞ்சம் பிழைத்துக்கொள்ளும்.

பிறகு ஊரே காலியானது. 1950இல் டெட்ராய்ட்டில் 18.5 லட்சம் பேர். 2000இல் ஒன்பதரை லட்சம். 1967 கலவரத்தில் 43 பேர் இறந்தார்கள், ஆனால் வெளியேற்றம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. தொழிற்சாலைகள் புறநகருக்குப் போயின, நெடுஞ்சாலைகள் ஆட்களைப் புறநகருக்குக் கொண்டுபோயின. 1977இல் ஆற்றோரம் 73 மாடி ஹோட்டலோடு ரினைசான்ஸ் சென்டர் திறந்தது. மாநாடு, கம்பெனிக் கூட்டம் எல்லாம் அங்கே நகர்ந்தன. இருக்கிற கொஞ்சம் விருந்தாளிகளுக்கு இரண்டு பெரிய ஹோட்டல்கள் எதற்கு? 1984 அக்டோபரில் புக்-காடிலாக்கை மூடினார்கள். 1986இல் உள்ளே இருந்த சாமான்களை விற்றார்கள். பெயர்த்து எடுக்க முடிந்ததெல்லாம் போயிற்று.

அடுத்த 22 ஆண்டுகளில் கட்டடத்துக்கு என்ன நடந்தது என்பதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் 'பாழடைந்தது' என்று ஒரே சொல்லில் கடந்துவிடுகிறோம்.

பெரிய கட்டடம் ஒன்று சாவது கூரையிலிருந்து தொடங்கும். கூரையில் எங்கோ ஒரு தகடு விலகும், மழைநீர் வடிகுழாய் ஒன்று அடைபடும். ஆள் இருந்தால் அன்றைக்கே சரிசெய்வார். ஆள் இல்லை. தண்ணீர் மாடி மாடியாக இறங்கும். நம் ஊரில் என்றால் பாசி பிடிக்கும், காரை பெயரும், அத்தோடு சரி. டெட்ராய்ட்டில் குளிர்காலம் இருக்கிறது. செங்கல் இடுக்கில் புகுந்த தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும். பகலில் உருகி, இரவில் மறுபடி உறையும். ஒவ்வொரு முறையும் இடுக்கு கொஞ்சம் அகலமாகும், அடுத்த முறை இன்னும் கொஞ்சம் தண்ணீர் புகும். கொதிகலன் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் கட்டடம் உள்ளிருந்தே சூடாக இருந்தது, அதனால் இந்த நோய் வரவில்லை. சூடு நின்ற முதல் குளிர்காலத்திலேயே கட்டடத்தின் நாட்களை எண்ணத் தொடங்கிவிட வேண்டும்.

அதற்கு மேல் திருட்டு. செப்புக் குழாய், பித்தளைக் கைப்பிடி, மின்கம்பி, எடைக்குப் போட்டால் காசு வரும் எல்லாம். குழாயை எடுக்கச் சுவரை உடைப்பார்கள்; அந்தச் சுவரில்தான் சுதை அலங்காரம் இருக்கும். ஐம்பது டாலர் செம்புக்காக இன்றைக்கு யாராலும் எளிதில் செய்ய முடியாத கைவேலை தரையில் தூளாகும். உள்ளே புகுந்து படம் எடுப்பவர்கள் கூட்டமும் ஒன்று உண்டு. நடனக் கூடத்தில் விழுந்து கிடந்த கூரையை அவர்கள் எடுத்த படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. டெட்ராய்ட் என்றால் இடிபாடு என்ற பெயர் நிலைத்ததில் அவற்றுக்குப் பங்கு உண்டு. இந்த ஊரில் குடியிருப்பவனாக அது எனக்கு வலித்தது.

ஆனால் எஃகுச் சட்டகத்துக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. எலும்பு நன்றாக இருந்தது.

அப்படியானால் ஏன் இடிக்கவில்லை? சுற்றிலும் இடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். டூல்லர் ஹோட்டல் 1992இல் போயிற்று. ஹட்சன்ஸ் பேரங்காடியை 1998 அக்டோபர் 24 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள்; சிதைவுகள் பக்கத்து மேம்பால ரயில் பாதையிலேயே விழுந்து அதைச் சேதப்படுத்தின. இதே வாஷிங்டன் புலவார்டின் மறுகோடியில் இருந்த 1915ஆம் ஆண்டு ஸ்டாட்லர் ஹோட்டலை 2005இல், அடுத்த பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் ஆட்டம் வருவதற்கு முன், இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். புக்-காடிலாக் தப்பியதற்கு முதல் காரணம் பாசம் இல்லை என்பது என் கணிப்பு. நெருக்கமான தெருவில் முப்பது மாடி எஃகுக் கட்டடத்தை இடிப்பதற்கே பெரும் பணம் வேண்டும், நகராட்சியிடம் அது இல்லை. பாசம் இரண்டாவது காரணம். அதுவும் இருந்தது, 'எங்கள் கல்யாணம் அங்கேதான்' என்று சொல்லும் பெரியவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. இடித்துவிட்டுப் புதிது கட்டினால் மலிவு அல்லவா?

கட்டுமானச் செலவை மட்டும் பார்த்தால் இருக்கலாம். ஆனால் 2000களின் டெட்ராய்ட்டில் புதிதாக எதையுமே கட்ட முடியாத நிலை. ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்: ஹோட்டல் கட்ட 100 ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். கட்டி முடித்தபின் அது சம்பாதிக்கக்கூடியதை வைத்து வங்கி மதிப்பிட்டால் 50 ரூபாய்தான் பெறும். வங்கி அந்த 50இல் ஒரு பங்கைத்தான் கடனாகத் தரும். மீதிப் பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புவது? புது நட்சத்திர ஹோட்டலுக்கு அரசு சும்மா பணம் தராது. பழைய கட்டடத்துக்குத் தரும். பள்ளத்தை நிரப்பும் தகுதி அந்த இடிபாட்டுக்குத்தான் இருந்தது.

எப்படி என்றால், அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி, வரலாற்றுச் சிறப்புள்ள கட்டடமாகச் சான்று பெற்ற ஒன்றை விதிப்படி புதுப்பித்தால், செலவில் 20 சதவீதத்தை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். மிச்சிகன் மாநிலமும் அப்போது தனியாக ஒரு சலுகை வைத்திருந்தது. கட்டுபவருக்கு அவ்வளவு வரி கட்டும் லாபம் இருக்காது. அதனால் நிறைய வரி கட்டும் வங்கியையோ பெருங்கம்பெனியையோ கூட்டாளியாகச் சேர்த்து, சலுகையை அவர்களுக்குக் கொடுத்து, பதிலுக்கு முன்பணமாக ரொக்கம் வாங்கிக்கொள்வார். பின்தங்கிய பகுதிகளில் முதலீடு செய்தால் ஏழு ஆண்டுகளில் 39 சதவீதம் வரிக்கழிவு தரும் இன்னொரு மத்தியத் திட்டமும் உண்டு. இப்படித் துண்டு துண்டாகச் சேர்த்துத் தைப்பதுதான் இந்தத் தொழில்.

முதலில் தைத்துப் பார்த்தவர்கள் 2003இல் வந்தார்கள்: டிஷ்யூ பேப்பர் கம்பெனியான கிம்பர்லி-கிளார்க்கின் துணை நிறுவனம். கம்பெனிக்குக் கட்ட வேண்டிய வரி நிறைய இருந்தது, சலுகை இங்கே இருந்தது, கணக்கு புரிகிறதல்லவா? சுமார் 15 கோடி டாலரில், மாரியட் குழுமத்தின் ரினைசான்ஸ் ஹோட்டலாகத் திறப்பதாகத் திட்டம். உள்ளே சுத்தம் செய்யும் வேலைகூடத் தொடங்கியது. சுவரைத் திறந்து பார்த்தபோது நினைத்ததைவிட மோசம். செலவு ஏறியது, கை கழுவிவிட்டார்கள். பழைய கட்டடத்தில் மராமத்து செய்த எவருக்கும் இந்தக் கட்டம் தெரியும். பூச்சைத் தட்டும்வரை மதிப்பீடு என்பது ஊகம்தான்.

2006இல் கிளீவ்லாந்து நகரத்து ஜான் ஃபெர்ச்சிலின் நிறுவனம் வந்தது. இந்த ஆள் செய்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். தோற்றுப்போன திட்டத்தை எடுத்து, வரலாற்று வரிச்சலுகை, பின்தங்கிய பகுதிச் சலுகை, மத்திய அரசின் வீட்டுவசதித் துறை உத்தரவாதத்தில் நகராட்சி எடுத்த சுமார் 1.8 கோடி டாலர் கடன், தனியார் கடன், சொந்த முதல் என்று ஒரு டஜனுக்கும் மேற்பட்ட இடங்களிலிருந்து பணம் சேர்த்தார். ஒருவர் பின்வாங்கினால் மற்றவர் ஒப்பந்தமும் குலையும்படி ஒன்றோடொன்று கோத்த ஏற்பாடு. மொத்தச் செலவு கடைசியில் 20 கோடி டாலரை ஒட்டி வந்தது. கொத்தனார் உள்ளே போவதற்கு முன்னால் வக்கீல்களும் கணக்கர்களும் எவ்வளவு வேலை செய்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அதுவும் மீட்புப் பணிதான்.

மூன்றாவது கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. வரிச்சலுகைக்கு நிபந்தனை உண்டு. வரலாற்றுக் கட்டடங்களையும் கவனிக்கும் தேசியப் பூங்காத் துறை வரைபடங்களைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். வெளித்தோற்றம் மாறக் கூடாது. முக்கியமான பொதுக்கூடங்களின் தன்மை கெடக் கூடாது. ஏற்கெனவே அழிந்துபோனதை அப்படியே செய்து வைக்கச் சொல்லிக் கட்டாயம் இல்லை. அதனால் எது பழையது எது புதியது என்பதை ரசனை மட்டும் தீர்மானிக்கவில்லை. வரிச்சட்டமும் கூடவே உட்கார்ந்து தீர்மானித்தது. வெளிச்சுவரும் செப்புக்கோபுரங்களும் பழையபடி. வெனிஷியன் நடனக் கூடம், இத்தாலியன் கார்டன் போன்ற கூடங்கள் மீட்கப்பட்டன. நீங்கள் படுத்துத் தூங்கிய அறை முழுக்கப் புதியது. 1924இல் அப்படி ஓர் அறையே அங்கே இல்லை.

ஆயிரத்துச் சொச்சம் அறைகளுக்கு இப்போது 453 அறைகள்தான். பழைய அறைகள் இன்றைய கணக்குக்குச் சின்னவை. அந்தக் காலத்து வியாபாரி ஒரு பெட்டியோடு வருவார், இரவு தூங்குவார், காலையில் போவார். அவருக்கு அது போதும். இன்று நாலு நட்சத்திர வாடகை கேட்டால் அகலமான கட்டில், மேசை, பெரிய குளியலறை எல்லாம் வேண்டும். இடைச்சுவர்களை எடுத்து இரண்டை ஒன்றாக்கினார்கள். எஃகுச் சட்டகம் என்று சொன்னேனே, அதன் அருமை இதுதான்: பாரத்தைத் தூண்கள் தாங்குகின்றன, இடைச்சுவரை எடுத்தால் ஒன்றும் ஆகாது. சுவரே பாரம் தாங்கும் கட்டடமாக இருந்திருந்தால் இந்த வேலை நடந்திருக்காது. உச்சித் தளங்களை அறுபதுக்கும் மேற்பட்ட சொந்த வீடுகளாகப் பிரித்து விற்பனைக்கு வைத்தார்கள். அதுவும் பள்ளத்தை நிரப்பத்தான்.

சுதைவேலையை எப்படி மீட்கிறார்கள் என்று பலருக்கும் தெரியாது, ஒரு வரி சொல்லிவிடுகிறேன். ஓர் அலங்காரப் பட்டையில் முக்கால்வாசி விழுந்திருந்தாலும் ஒரு முழம் நன்றாக இருந்தால் போதும். பழைய பெயின்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதன்மேல் ரப்பர் போன்ற பொருளை ஊற்றி அச்சு எடுத்து, அந்த அச்சில் ஜிப்சம் வார்த்து, வார்த்த துண்டுகளை வரிசையாகப் பொருத்துவார்கள். இணைப்பு தெரியாமல் கையால் பூசுவதில்தான் திறமை. அந்த ஒரு முழமும் இல்லாத இடத்தில் பழைய புகைப்படமே துணை. நம் கோயில் திருப்பணிகளில் நல்ல ஸ்தபதி பழைய சுதையின் ஒரு விரலைப் பார்த்துக் கையை முடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

ஆகவே, 'பழைய தோலுக்குள் வேறொரு ஹோட்டலா' என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: தோலும் எலும்பும் முகமும் பழையவை, உள்ளுறுப்புகள் புதியவை. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். 1924இன் அறைகளையே அப்படியே வைத்திருந்தால் அருங்காட்சியகம் கிடைத்திருக்கும், அடுத்த வருஷமே மூடியிருப்பார்கள். ஹோட்டல் ஹோட்டலாக ஓடினால்தான் கூரையில் விலகிய தகட்டை யாராவது அன்றைக்கே சரிசெய்வார்கள்.

2008 அக்டோபரில் வெஸ்டின் புக் காடிலாக் என்று திறந்தது. அதைவிட மோசமான நேரம் இருக்க முடியாது. செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி விழுந்திருந்தது; வீட்டுக்கடன் தரும் வங்கிகள் கையை இறுக்கிக்கொண்ட நேரத்தில் உச்சி மாடி வீடுகளை விற்க வேண்டியிருந்தது. திட்டத்தை அறிவித்த மேயர் வழக்கில் சிக்கி அந்தச் செப்டம்பரில்தான் பதவி விலகினார். 2009இல் கிரைஸ்லரும் ஜெனரல் மோட்டார்ஸும் திவால் மனு கொடுத்தன. 2013இல் நகராட்சியே கொடுத்தது. இத்தனையிலும் ஹோட்டல் மூடவில்லை. திட்டம் ஓரிரு ஆண்டு தள்ளிப் போயிருந்தால் நிலைமை வேறு: 2008 நடுவில் பணம் கேட்டிருந்தால் எந்த வங்கியும் கதவைத் திறந்திருக்காது. மாநிலத்தின் வரலாற்றுச் சலுகையும் 2011 முடிவோடு எடுக்கப்பட்டுவிட்டது.

பக்கத்தில் இருந்த ஃபோர்ட் ஷெல்பி ஹோட்டலும் அதே 2008 டிசம்பரில் திறந்தது. அது 1974 முதல் மூடிக் கிடந்தது. 2014இல் டேவிட் விட்னி கட்டடம். காம்பர் இதே தெருவில் கட்டிய புக் டவர் 2023இல் திறந்தது. 1988 முதல் கூடாகக் கிடந்த மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஃபோர்டு வாங்கி 2024 ஜூனில் திறந்தது. இவையெல்லாம் புக்-காடிலாக்கைப் பார்த்துத்தான் நடந்தன என்று சொன்னால் மிகை. ஆனால் 'அதையே செய்துவிட்டார்களே' என்று வங்கியில் காட்ட ஓர் உதாரணம் கிடைத்தது என்பது உண்மை.

அடுத்த முறை போனால் ஒன்று செய்யுங்கள். வாசலில் காரைவிட்டு இறங்கியதும் உள்ளே போய்விடாமல், மிச்சிகன் அவென்யூ பக்கம் நடந்து வந்து மேலே பாருங்கள். நான்கு கற்சிலைகள் தெரியும். ஊரை நிறுவிய காடிலாக். 1763இல் ஆங்கிலேயர் கோட்டையை முற்றுகையிட்ட பூர்வகுடித் தலைவர் பான்டியாக். பிரெஞ்சு ஆட்சிக்கால அதிகாரி ராபர்ட் நவார். இந்த மாவட்டத்துக்கே பெயர் தந்த தளபதி ஆண்டனி வெய்ன். நால்வரில் இருவர் பெயரை ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு வைத்திருந்தது. ஹோட்டல் மறுபடி திறந்த அடுத்த ஆண்டு, 2009இல், பான்டியாக் காரை நிறுத்தப் போவதாக அறிவித்துவிட்டார்கள். சிலை அங்கேயே நிற்கிறது.